எதிர் நாற்காலி

எங்கள் நூலகவியல் துறையில் மாணவர்கள் பயப்படுவது என்னைப் பார்த்து அல்ல. கதவு திறந்து, பலகை துடைத்து, வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து வைக்கும் உதவியாளர் அம்மாளைப் பார்த்துத்தான். அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் வாசகி. பத்து வருடமாகத் துறைத் தலைவர் நான். அந்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லையே என்று கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.

செய்முறைத் தேர்வில் அவர்தான் வாசகராக உட்காருவார். கையில் ஒரு சீட்டு. மேல் வரியில் வாய்விட்டுக் கேட்க வேண்டியது. கீழ் வரியில் உண்மையான தேவை. நூலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கேட்பவர்கள். நூலகராக எதிரே உட்காரும் மாணவரிடமிருந்து சரியான கேள்வி வரும்வரை வாசகி கீழ் வரியைச் சொல்ல மாட்டார். எத்தனையோ கில்லாடிகளுக்குத் தண்ணி காட்டியிருக்கிறார்.

இந்த வருடம் அவருடைய சொந்தத் தங்கைக்கு மூன்றாவது முறை. இதிலும் தவறினால் மறுபடி எழுத முடியாது. முந்தைய இரண்டு தடவையும் அக்காவிடமேதான் கோட்டை விட்டாள்.

"இன்னிக்கு வேற யாரையாவது உட்கார வைக்கட்டுமாம்மா?" என்றேன்.

"ஏன் சார், நான் விட்டுக்கொடுத்துடுவேன்னு பயமா?"

"விட்டுக்கொடுக்க மாட்டீங்களேன்னுதான் பயம்."

சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்துவிட்டார். மதிப்பெண் போடுவது வெளித் தேர்வாளர். அவருக்கும் ஆட்சேபம் இல்லை.

"மரங்களைப் பத்தி ஒரு புத்தகம் வேணும்" என்று சீட்டின் மேல் வரியைக் கேட்டார் வாசகி.

தங்கையின் முகம் மலர்ந்தது. அக்காவுக்குச் செடிகொடி என்றால் உயிர், மாடி முழுக்கத் தொட்டிகள். நேரே தோட்டக்கலை அலமாரிக்குப் போய்விட்டாள். சீட்டை எழுதிய எனக்குத் தெரியும், அது தப்பான அலமாரி. சீட்டின் கீழ் வரி இதுதான்: பக்கத்து வீட்டு மரத்தின் வேர் என் சுவரைப் பிளக்கிறது, சட்டத்தில் இதற்கு என்ன வழி?

புத்தகத்தை உருவியவள் திரும்பி அக்காவைப் பார்த்தாள். நம் அக்காதானே என்று நினைத்துத்தான் இரண்டு முறையும் தோற்றோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். புத்தகத்தை வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"மன்னிக்கணும் மேடம். உங்களை ஒண்ணும் கேக்காமலே எழுந்து போயிட்டேன். இந்தப் புத்தகத்தை வச்சு நீங்க என்ன செய்யப்போறீங்க?"

வாசகி ஒரு நொடி தடுமாறினார். பிறகு வேர், சுவர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. ஐந்தே நிமிடத்தில் சரியான சட்டப் புத்தகம் மேசைக்கு வந்தது. தேர்வாளர் மதிப்பெண் தாளை என் பக்கம் தள்ளினார். தேர்ச்சி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

வராந்தாவில் தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுல ஒருநாள்கூட உன்னை இப்படிக் கேட்டதில்லையேக்கா. எல்லாம் தெரியும்னே இருந்துட்டேன். உனக்கு என்னக்கா வேணும்?"

வாசகி என் பக்கம் திரும்பினார். "அடுத்த வருஷச் சேர்க்கைக்கு எனக்கு ஒரு விண்ணப்பம் குடுங்க சார். தபால்ல டிகிரி முடிச்சு மூணு வருஷம் ஆச்சு. யாரும் கேக்கல, நானும் சொல்லல."

கேட்பது எப்படி என்று பத்து வருடமாகப் பாடம் நடத்துகிறவன் நான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அப்போ வாசகியா யார் உட்காருவாங்க?" என்றேன் அசடு வழிய.

"இவ இருக்காளே. என்கிட்ட ரெண்டு தடவை தோத்தவ, சும்மா விடுவாளா? வரட்டும் சார், பாத்துக்கறேன்."