எடுக்கக் கூடாத போன்

செக்காலையில் அழகியின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. குழாயடியில் அவள் ஒரு தடவை குரலை உயர்த்தினால் எதிராளி குடத்தைக் கூட நிரப்பாமல் கிளம்பிவிடுவாள். அப்படிப்பட்டவள், புருசன் கோட்டைச்சாமி லாரியை எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் போய்விட்டால் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவாள். அவன் எங்கே போகிறானோ, என்ன ஆனானோ என்று தொண்டையில் சோறு இறங்காது.

பக்கத்து வீட்டு மெர்சி டீச்சருக்கு டெலிபோன் வந்தது தொண்ணூற்றாறில். யோசனை சொன்னவன் கோட்டைச்சாமிதான்.

"வழியில பூத்துல இருந்து டீச்சர் வீட்டுக்கு அடிக்கிறேன். ரெண்டு தடவ மணி அடிச்சு நின்னா திருச்சி தாண்டிட்டேன். மூணு அடிச்சா சேலம் சேந்துட்டேன். ஆனா போன எடுக்கக் கூடாது. எடுத்தாத்தான் காசு."

"உங்களுக்குச் சங்கடம்னா வேணாங்க" என்றாள் அழகி டீச்சரிடம். அவள் அவ்வளவு பணிவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

ஊர் சும்மா இருக்குமா? "புருசன் எங்குட்டுப் போனாலும் வேவு பாக்குறாளே" என்று எதிர்வீட்டு ஒச்சம்மாள் கேலி செய்தாள். கோட்டைச்சாமி சிரித்துவிட்டான். "அவ கேக்கல அத்தாச்சி, நானாத்தான் சொன்னேன். அவ தாலிக்குக் கழுத்த நீட்டுனா, நான் இதுக்கு நீட்டிட்டேன்."

அப்புறம் அவன் லாரி ஏறிய நாளெல்லாம் அழகி சாயங்காலம் டீச்சர் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். மணி அடித்து நின்றால் முகம் மலரும். இந்த ஏற்பாடு இரண்டு வருசம் ஒழுங்காக நடந்தது.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. திருச்சி மணி வந்துவிட்டது. சேலம் மணிக்காகக் காத்திருந்தாள். இருட்டும் நேரத்தில் போன் அடித்தது. மூன்று தடவை அடித்த பிறகும் நிற்கவில்லை. டீச்சர் கையை நீட்டினாள். அழகி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதீக டீச்சர்! அவுகதான். கட் பண்ண மறந்துட்டாக."

அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அடித்தது.

"பாத்தீகளா, இன்னைக்குக் கொஞ்சல் ஜாஸ்தியா இருக்கு" என்று சிரித்தாள் அழகி. அதுவும் ஓய்ந்தது. வீட்டுக்குப் போய்க் கருவாட்டுக் குழம்பை ஊற்றி வயிறாரச் சாப்பிட்டாள். பாவி மகள், அன்றைக்குப் பார்த்து இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டாள்.

காலையில் லாரி முதலாளி வந்து நின்றார். நாமக்கல் பக்கம் வண்டி கவிழ்ந்துவிட்டது. கோட்டைச்சாமி ஆஸ்பத்திரியில் விடியும் முன்பே கண்ணை மூடிவிட்டான். டீச்சர்தான் அவளைக் கூட்டிக்கொண்டு ஓடினாள்.

அங்கே நர்சம்மா ஒருத்தி அழகியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாயங்காலம் நல்லா நினைவு இருந்துச்சுங்க. உங்ககிட்டப் பேசணும்னாரு. அவரு சொன்ன நம்பருக்கு நாந்தான் ரெண்டு தடவை போட்டேன். யாரும் எடுக்கல. இன்னொருக்காப் போடட்டான்னு கேட்டேன். வேண்டாம்மா, அவ எடுக்க மாட்டா, நாந்தான் எடுக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்னுட்டாருங்க."

அழகிக்கு அழுகை வரவில்லை. டீச்சர் முகத்தையே வெறித்துப் பார்த்தாள்.

"கல்யாணமான நாள்ல இருந்து அவுக சொன்ன பேச்சு எதையாச்சும் நான் கேட்டுருக்கேனா டீச்சர்? இத மட்டும் ஏன் கேட்டேன்?"