மூன்றாவது சரணத்தில் கெட்டிமேளம்

மார்கழியில் எங்கள் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. தீபத் திருவிழாக் கூட்டம் கலைந்து கிரிவலப் பாதை சற்று மூச்சு விடும் அந்த நாட்களில், அடி அண்ணாமலையில் இருந்த எங்கள் வீட்டில் அப்பாவின் டிரம்பெட் உறைக்குள் போய்விடும். கல்யாணங்களுக்கு வாசிக்கும் பேண்டு செட் ஒன்றை அவர் நடத்திவந்தார். மாதம் முழுவதும் வீட்டிலேயே இருக்கும் அப்பா எனக்கு மகிழ்ச்சியாகவும் அம்மாவுக்குச் சோதனையாகவும் இருப்பார்.

எனக்கு ஒன்பது வயதான மார்கழியில், நகரத்துத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் டீச்சர் ஒருவர் ஸ்கூட்டரில் எங்கள் வீடு தேடி வந்தார். கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு வேலூரிலிருந்து வரவேண்டிய டிரம்பெட்காரர்களால் வரமுடியாமல் போனதாம். பாடகர் குழுவும் ஆர்கனும் தயாராக இருந்தன. ஊதுவதற்குத்தான் ஆள் இல்லை.

“நோட்ஸ் பாத்து வாசிப்பீங்களா?”

“அதெல்லாம் தெரியாதுங்க டீச்சர். ஒருவாட்டி பாடிக் காட்டுங்க, போதும்.”

அது வீண்பெருமை அன்று. ஒருமுறை காதில் விழுந்ததை அப்பா மறந்து நான் பார்த்ததில்லை. டீச்சர் வாசலில் நின்றபடியே நான்கு சரணங்களையும் பாடினார். பிறகு சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: “மூணாவத மட்டும் உங்க தங்கச்சி தனியா பாடறாங்க.”

அப்பாவின் ஒரே தங்கையான என் அத்தை, பத்து ஆண்டுகளுக்கு முன் அதே தேவாலயத்தில் தான் விரும்பிய கிறிஸ்தவரை மணந்துகொண்டவர். ஊரில் பாதிப் பேரின் கல்யாணத்துக்கு வாசித்திருந்த அப்பா, அன்று கீழ்பென்னாத்தூரில் யாரோ ஒருவருடைய கல்யாணத்துக்கு ஊதப் போய்விட்டார். அதற்குப் பின் இருவரும் பேசவில்லை. கடைத்தெருவில் இரண்டு முறை அத்தையை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் அப்பா வண்டியை வேறு தெருவுக்குத் திருப்பிவிட்டார்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. “சும்மாதான குந்திகினு இருக்கீங்க. போய்ட்டு வாங்க.”

அப்பா தலையசைத்தார். டீச்சர் கிளம்பும்போது ஒரு கண்டிப்பான குறிப்பைத் தந்துவிட்டுப் போனார். “மூணாவது சரணத்துல மட்டும் ஊதவே கூடாதுங்க. நாலாவதுக்கு நான் தலைய ஆட்டுவேன், அப்ப எல்லாரும் சேந்து.”

இந்தக் கட்டளையை அப்பா தன் செட்டில் இருந்த மூவரிடமும் பலமுறை சொன்னார். சொல்ல வேண்டியும் இருந்தது. அவர்கள் பழகியது கெட்டிமேளத்துக்கு. தாலி கட்டும் நொடியில் தும்மலோ அழுகையோ வேண்டாத பேச்சோ மணமக்கள் காதில் விழாதபடி எல்லா வாத்தியமும் ஒன்றாய் முழங்க வேண்டும். “யாரு அழுதாலும் வெளிய கேக்கக்கூடாது. அதுக்குதான்டா நம்மள கூப்புடறாங்க” என்று புதிதாகச் சேர்பவர்களுக்கு அப்பா சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

ஆராதனை நாளின் மாலையில், ஆட்டோவில் அம்மா எனக்கும் ஒரு கட்டளை தந்தார். “அப்பா பேசினா நீயும் அத்தகிட்ட பேசு. பேசலைன்னா சிரிச்சிட்டு வந்துடு.” அப்பா பேசியே ஆகவேண்டும் என்று நான் விரும்பினேன். அதுவரை நான் பிளம் கேக் சாப்பிட்டதில்லை.

தேவாலயத்தில் இடப்பக்கம் வெள்ளை அங்கியில் பாடகர் குழு, வலப்பக்கம் கல்யாணச் சீருடையின் சிவப்புக் கோட்டில் அப்பாவின் செட், நடுவில் ஆர்கன். முதல் சரணம் தாழ்ந்த குரலில் எழுந்தது. இரண்டாவதில் டிரம்பெட்டுகள் சேர்ந்தன. தெருவில் எல்லாரையும் அதட்டிப் பழகிய அப்பாவின் டிரம்பெட், அங்கே மனிதக் குரல்களோடு தோள் சேர்ந்து நடந்தது. அதற்குள் இத்தனை பணிவு இருந்தது எனக்குத் தெரியாது.

மூன்றாவது சரணத்துக்கு அத்தை மைக் முன் வந்தார். இரண்டு வரிகளைத் தெளிவாகப் பாடினார். மூன்றாவது வரியில் பார்வை வலப்பக்கம் போனது. குரல் அறுந்தது. மைக்கில் ஒரு விம்மல் கேட்டது, இன்னொன்று தொடங்கியது.

அப்பா எழுந்து நின்று ஊதினார். முழு மூச்சோடு, கெட்டிமேளம். பழக்கதோஷத்தில் மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். அவமானத்தில் நான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் மட்டும் பார்த்தேன்.

டீச்சர் ஒரு கணம் அப்பாவைப் பார்த்தார். ஆர்கனிலிருந்து கையை எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால், அந்தச் சத்தம் அப்பாவின் அடாவடியாகவும் அத்தையின் தலைகுனிவாகவும் அங்கேயே நின்றுபோயிருக்கும்; இரு வீடுகளும் இன்னும் பத்து ஆண்டுகள் பேசாதிருக்க அதுவே போதும். அவர் ஆர்கனின் ஒலியைக் கூட்டும் குமிழ்கள் அத்தனையையும் இழுத்துவிட்டுத் தலையை ஆட்டினார். நாலாவது சரணம் நேரத்துக்கு முன்பே பிறந்தது. பாடகர் குழு எழுந்தது, சபை எழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தையும் அந்தப் பெருங்குரலுக்குள் சேர்ந்துகொண்டார்.

வெளியே நட்சத்திர விளக்கின் கீழ் செட்டுக்காரர் ஒருவர் கேட்டார்: “என்னண்ணா, யாருக்குத் தாலி கட்டுனாங்க?”

“வாய மூட்றா.”

அத்தை தட்டில் கேக்கோடு வந்து நின்றார். அப்பா டிரம்பெட்டின் வாய்ப்பகுதியைத் துண்டால் நெடுநேரம் துடைத்தார். பிறகு நிமிராமலே கேட்டார்.

“சளியா?”

“ஆமாண்ணா. பனி ஜாஸ்தி.”

“வெந்நீ குடி.”

“சரிண்ணா.”

பத்து ஆண்டுகள் பேசாமல் இருந்ததற்கு அவ்வளவுதான் பேச்சு. எனக்கு இரண்டு துண்டு கேக் கிடைத்தது. இடம் தவறிவிட்டதாக டீச்சரிடம் அப்பா மன்னிப்புக் கேட்டபோது, “அடுத்த வருஷமும் அங்கயே தவறுங்க” என்றார் அவர்.

இன்றும் மார்கழிதோறும் அப்பாவின் செட் அங்கே வாசிக்கிறது. டீச்சரின் நோட்டில் மூன்றாவது சரணத்தின் ஓரம் பென்சிலால் ஒரு சிறு டிரம்பெட் வரையப்பட்டிருக்கிறது. சமூகப் பணியில் பட்டம் பெற்று, பேச்சறுந்த குடும்பங்களைப் பேசவைப்பதை வேலையாகக் கொண்ட நான், ஒரு தலையசைப்பில் அதைச் செய்து முடித்த அவருக்குக் கடமைப்பட்டவள்.

அன்று அதெல்லாம் தெரியவில்லை. அத்தைக்குச் சளி என்றும் அப்பா செய்தது தவறு என்றும் முழுமையாக நம்பினேன். திரும்பும் வழியில் ஆட்டோவில் கேட்டேன்: “அங்க ஊதக்கூடாதுனு டீச்சர் சொன்னாங்கல்லப்பா?”

“ஆமா. மறந்துட்டேன்.”

பெருந்தன்மையோடு அவரை மன்னித்துவிட்டு, அம்மாவின் மடியில் தூங்கிப்போனேன். ஒருமுறை கேட்டதை மறக்காத மனிதர் அதை எப்படி மறந்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.