டேப்பில் சைக்கிள் ட்யூப்

நான்காம் வகுப்போடு நின்ற நான், ஆரணியில் சொந்தமாகப் பட்டுத்தறி போட்டேன், மாடிவீடு கட்டினேன், காயலான் கடைக்குப் போக இருந்த மோட்டார் சைக்கிளையும் ஓட வைத்தேன்.

டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய், அதான் டேப், ஒழுகியது. மெக்கானிக் சரிசெய்துவிட்டதாகச் சொன்னதை நம்பித் தறிக்கூடத்தில் நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை, மனைவி சாம்பிராணித் தணலோடு உள்ளே வந்தபோது பெட்ரோல் வாடை அடித்தது. வண்டிக்கடியில் தரையெல்லாம் ஈரம்.

“அங்கியே நில்லுடி! வெளிய போ!” என்று கத்தினேன். நல்லவேளை, போய்விட்டாள்.

டேப்பைக் கழற்றினால், வாஷருக்குப் பதில் சைக்கிள் ட்யூப் துண்டு, பெட்ரோலில் ஊறி உப்பிக் கிடந்தது. மெக்கானிக்கைப் பிடித்தேன்.

“பழைய வண்டி அப்டிதாங்க ஒழுகும், பெரியவரே.”

“அதுக்கு என் பொண்டாட்டிய கொளுத்துவியாடா?”

நானே கார்க் தக்கையில் வாஷர் வெட்டிப் போட்டேன். ஒழுகல் நின்றது. இப்போது வண்டியை வெளியேதான் நிறுத்துகிறேன், நிறுத்தியதும் டேப்பை மூடுகிறேன். அந்த மெக்கானிக்கோ எல்லோர் வண்டிக்கும் கார்க் போட்டு, தன் யோசனை என்கிறான். என் பெயரைச் சொல்லிவிட்டுப் போடட்டும்!