முருகேசன் அண்ணன் காட்டிய பெட்டி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான், எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் சிரிக்கலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் விராலிமலைப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து அனுப்புகிற இடம். நான் ஸ்டோரில். இப்போது அறந்தாங்கியில் குடித்தனம், ஆனாலும் விடிகாலையில் பஸ் ஹாரன் கேட்டால் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி மனசு பதறும். பஸ்ஸிலேயே தூங்கி, பஸ்ஸிலேயே தலைபின்னி, கேன்டீனில் ஒருத்தி டப்பாவுக்குள் இன்னொருத்தி கைவிட்டுச் சாப்பிட்டு, அதெல்லாம் ஒரு காலம். ஸ்டோரின் தகரக் கூரைமேல் மயில்கள் டக் டக்கென்று நடக்கும். புதிதாக வந்த பெண்கள் பயந்துபோய் மேலே பார்ப்பார்கள், நாங்கள் சிரிப்போம்.

ஸ்டோரில் சீனியர் முருகேசன் அண்ணன், நார்த்தாமலைக்காரர். எந்தப் பொருள் எந்த ரேக்கில் என்று கம்ப்யூட்டரைப் பார்க்காமலே சொல்வார். ஒரு நாள் அவர் வரவில்லை, லீவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பதினோரு மணிவாக்கில் பாகங்களைப் பூட்டுகிற லைனில் கிளிப் தீர்ந்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி இருக்கிறது, ரேக்கில் இல்லை. வெளியே லாரி நிற்கிறது, அந்தச் சரக்கு போகாவிட்டால் கார் கம்பெனியில் வேலையே நின்றுவிடும். பெட்டியை வாங்கி வைத்ததாகக் கையெழுத்துப் போட்டவள் நான்.

"அரை மணி நேரத்துல பெட்டி வரணும். இல்லன்னா நாளைக்கி நீ வர வேணாம்மா" என்றார் சூப்பர்வைசர்.

அப்பா கால் முடியாமல் படுத்திருந்த நேரம், வீட்டுக்கு என் வேலை ஒன்றுதான். அழுதுகொண்டே தேடினேன். அப்போது ரேக் வரிசையின் கடைசியில் முருகேசன் அண்ணன் நிற்கிறார். அதே யூனிபாரம், காதில் பென்சில்.

"ஏன் தாயி அங்கிட்டுத் தேடுற? எட்டாம் ரேக்குல மேல்தட்டப் பாரு. மழைத்தண்ணி ஒழுகுதுன்னு நாந்தான் மாத்தி வச்சேன்."

"எப்பண்ணே வந்தீங்க?"

"மொதல்ல பெட்டிய எடு."

ஏணியை இழுத்துப்போட்டு ஏறினேன். பழைய அட்டைகளுக்குப் பின்னால் பெட்டி இருந்தது. இறங்கித் திரும்பினால் அவர் இல்லை. டீ குடிக்கப் போயிருப்பார் என்று பெட்டியோடு ஓடினேன். நான் வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர் போனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"நம்ம முருகேசனுக்குக் கொடல்வால் வெடிச்சிருச்சாம்மா. திருச்சி ஆஸ்பத்திரில ஆபரேஷன் நடந்துக்கிட்டு இருக்காம். அவரு சம்சாரம் அழுவுறாங்க."

நம்பினால் நம்புங்கள், சற்று முன்னால்தான் அவரோடு பேசிவிட்டு வந்திருந்தேன். பெட்டி எப்படிக் கிடைத்தது என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. அழுத அழுகையில் ஏதோ தோன்றியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இளைத்திருந்தார், ஆனால் அதே சிரிப்பு. அவர் சம்சாரம் காபி போட உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டார்.

"கிளிப் பெட்டி கெடச்சிச்சா தாயி?"

தலையை ஆட்டினேன்.

"நீ அழுதுக்கிட்டு நின்ன. அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. மயக்க மருந்துல கனவு கண்டேன்னு இவ சொல்றா" என்றவர், திரும்பவும் கேட்டார், "ஆமா, ஒன் ஏணிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு ஒரு அம்மா நின்னாங்களே, நம்ம கம்பெனி ஆளு மாதிரி தெரியல. அது யாரு?"

அன்றைக்கு ஸ்டோரில் நான் மட்டும்தான். அந்த ஏணிக்கு ஒரு கால் குட்டை, யாராவது பிடிக்காமல் நாங்கள் ஏறுவதே கிடையாது. அன்று அது ஆடவே இல்லை என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

அண்ணன் நல்லபடியாக இருக்கிறார், பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவார். அந்த அம்மா எப்படி இருந்தார் என்று இதுவரை நான் கேட்டதில்லை. பரணில் இருந்து ஏதாவது எடுக்க இப்போதும் ஸ்டூலில்தான் ஏறுகிறேன். அது கொஞ்சம் ஆடினால்தான் எனக்கு நிம்மதி.