மூன்று பேருக்கு ஒரு கணினி

நிரலாக்கப் போட்டியில் ஒரு குழுவுக்கு மூன்று பேர், ஒரே கணினி, ஐந்து மணி நேரம். விசைப்பலகை யார் கையில் இருக்கிறதோ அவர் வைத்ததுதான் சட்டம்.

என் குழுவில் மற்ற இருவரும் வகுப்புப் பையன்கள். ஒரு பெண் இருந்தால் குழுப் புகைப்படத்தில் பார்க்க நன்றாக இருக்குமாம், அதனால் என்னைச் சேர்த்தார்கள். முந்தின வருடம் எனக்குக் கிடைத்த ஒரே வேலை, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவது. இந்த முறை கணினி முன்னால் இருக்கும் நாற்காலியில் உட்காராமல் என் ஊர் உலு திராமுக்குத் திரும்பப் பஸ் ஏறுவதில்லை என்ற வைராக்கியத்தோடுதான் பல்கலைக்கழக மண்டபத்துக்குள் நுழைந்தேன்.

ஒரு கேள்விக்குச் சரியான விடை அனுப்பினால் மேசையில் ஒரு பலூன் கட்டுவார்கள். மூன்று மணி நேரம் ஆகியும் எங்கள் மேசை மொட்டையாகவே இருந்தது. ஒரே கேள்விக்கு நாலு முறை விடை அனுப்பி, நாலு முறையும் தவறு என்று வந்தது.

"அலமாக்! கேள்வியில குடுத்த மாதிரிக் கணக்குக்கு எல்லாம் சரியாத்தானே வருது" என்று தலையில் கை வைத்தான் தட்டிக்கொண்டிருந்தவன்.

எழுதிய நிரலை அச்செடுத்துக் கொடுப்பார்கள். யாரையும் கேட்காமல் நானே போய் வாங்கி, பென்சிலோடு வரிவரியாக இறங்கினேன். பதினேழாவது வரியில் அகப்பட்டது. கூடிக்கொண்டே போகும் தொகைக்குச் சின்ன எண் மட்டுமே அடங்கும் இடத்தை ஒதுக்கியிருந்தார்கள். மாதிரிக் கணக்கு சிறியது, தப்பித்துவிட்டது. பெரிய கணக்கு வந்ததும் இடம் போதாமல் கன்னாபின்னா என்று ஒரு எண் வந்திருக்கிறது.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்றேன்.

"எந்த லைன்? சொல்லு, நான் அடிக்கிறேன்."

தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். "நீ எந்திரி. நான் அடிக்கிறேன்."

"டைம் ஓடுது லா, விளையாடாத."

"ஓடட்டும். நாலு தடவ தப்பா அனுப்புனப்ப எங்க போச்சு இந்த அவசரம்?"

அவன் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தான். ஒரே ஒரு சொல்லை மாற்றி அனுப்பினேன். மஞ்சள் பலூன் வந்தது.

"சூப்பர் லா! சரி, இப்ப நகரு" என்று நாற்காலியின் முதுகைப் பிடித்தான்.

காலி பாட்டிலை எடுத்து அவனிடம் நீட்டினேன். "தண்ணி புடிச்சிட்டு வா. அடுத்த கேள்வியையும் நானே பாக்குறேன்."

இரண்டாவது பலூன் வரவே இல்லை. மணி அடிக்கும்வரை நான் எழுந்திருக்கவும் இல்லை.