வண்டியிலிருந்து இறங்கிய அம்மி

எண்பதுகளில் ஒரு கோடை லீவு. பெரிய ஏரிக்கரையில் படுதா கட்டி ஓர் இரவு தங்கலாம் என்று பாப்பாரப்பட்டியில் எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. அரிசி, ஸ்டவ், அண்டா என்று மூட்டை கட்டியது நான்தான். கிளம்பும்போது என் வீட்டுக்காரர் அம்மியையும் வண்டியில் ஏற்றினார். நான் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் வூட்லயே கெடக்கறேன்."

"அப்ப சோறு யாரு ஆக்கறது?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்ததும் அம்மியை இறக்கினார். ஸ்டவ்வையும் இறக்கினார்.

"பன்னு வாங்கிக்கலாம். நீ வா."

கரையில் படுத்துத் தூங்கியவள், மறுநாள் திரும்பக் கிளம்பும்போதுதான் எழுந்தேன். அதுவரை பிள்ளைகளை அவர் சத்தம் போட விடவில்லையாம்.

ஏரி எப்படி இருந்தது என்று கேட்டால், இன்றும் "அவ்வளவு நல்லா இருந்துச்சு" என்பேன். நான் அதைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.