கேசரி சாப்பிட்டுவிட்டு எழுதிய ரிப்போர்ட்

போன திங்கட்கிழமை மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போயிருந்தோம். கேலாங் பக்கம், புதுப் பள்ளிக்கூடம். தலைமையாசிரியை எங்களை உட்காரச் சொன்னதுதான் தாமதம்... என் மனைவி ராஜம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"என்னடி?" என்றேன் மெதுவாக.

"இங்கதான் என் அடுப்படி வந்திருக்கணும்."

எனக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தலைமையாசிரியை எங்களைப் பார்த்த பார்வைக்கு, பையனுக்கு இடம் கிடைத்ததே அதிர்ஷ்டம்.

விஷயம் இதுதான். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை; நகரத்துக்கு மாஸ்டர் பிளான் வந்த புதிது. எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எங்கே பள்ளி என்று கலர் கலராகத் தீட்டிய வரைபடம். அதை மாற்றச் சொல்லி யாராவது விண்ணப்பம் போட்டால், நேரில் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. சின்னையா என்பவர் தன் காய்கறித் தோட்டத்தை வீட்டுமனையாக மாற்றித் தரக் கேட்டிருந்தார். தேக்காவில் பஸ் ஏறிக் கேலாங் போனேன்.

வாசலிலேயே தடபுடல். "வாங்க தம்பி, வாங்க." நாற்காலி, விசிறி, தட்டு நிறையக் கேசரி. அரசாங்க ஊழியனுக்கு இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போய் இரண்டாவது கரண்டியும் வாங்கிக்கொண்டேன். நான் சுருட்டிக் கொண்டுபோன வரைபடத்தைக்கூட அவர் பயபக்தியோடு வாங்கிச் சாமி படத்தின் முன்னால் வைத்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

பட்டுப்புடவையில் ஒரு பெண் காப்பி கொண்டுவந்தபோதுதான் உறைத்தது. பெண் பார்க்க வந்தவன் என்று என்னை நினைத்துவிட்டார்கள்! துறைமுகத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு. நான் மூன்றரைக்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். என் வரைபடம்தான் ஜாதகம்.

"ஐயா... நான் பிளானிங் ஆபீஸ்," என்றேன், வாய் நிறையக் கேசரியோடு.

சின்னையா ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு அதே மரியாதையோடு விஷயத்துக்கு வந்தார். "இந்த எடத்துல வீடு கட்டிக் குடுத்தாத்தான் மாப்பிள்ளை வீட்ல சம்மதிப்பாங்களாம். கொஞ்சம் பாத்து எழுதுங்க தம்பி."

வரைபடத்தை விரித்தேன். அவர் தோட்டத்தின் மேல் பள்ளிக்கூடம் என்று குறித்திருந்தது. சுற்றிலும் வீடு வீடாக வரப்போகிறது. அத்தனை பிள்ளைகளும் எங்கே போய்ப் படிக்கும்? 'கூடாது' என்றுதான் எழுத வேண்டும். எழுதினால் ஒரு கல்யாணம் நின்றுபோகும். கேசரித் தட்டை மெல்லத் தள்ளி வைத்தேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் வேலிவரை வந்தாள். "சார், உள்ளத உள்ளபடி எழுதுங்க. வீடு இல்லன்னா அவங்க வரமாட்டாங்க."

"அதனாலதாங்க யோசிக்கிறேன்."

"யோசிக்காதீங்க. வீட்டக் கேக்குற மாப்பிள்ள எனக்கு வேணாம் லா."

அந்த இடத்தில் விழுந்தவன்தான் நான். இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஆனால் ரிப்போர்ட்டில் அவளுக்காக ஒரு வரி கூட்டவில்லை, குறைக்கவில்லை. 'கூடாது' என்று நான் எழுதியதை மேலதிகாரி ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் கழன்றுகொண்டார்கள். பிறகு அரசாங்கம் அந்தத் தோட்டத்தை வாங்கிப் பள்ளி கட்டியது. நானும் மறுபடி கேலாங் போனேன்... அப்பா அம்மாவோடு, நிஜமான ஜாதகத்தோடு. நகரத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் ரோட்டுக்கு ஒரு கலர், கடைக்கு ஒரு கலர் தீட்டுகிறார்கள். இதையெல்லாம் எந்தக் கலரில் தீட்டுவார்கள்?

'தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை' என்ற கடிதத்தை மாமனார் இன்னும் எங்கள் கல்யாணப் பத்திரிகையோடு ஒரே கவரில் வைத்திருக்கிறார். கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறது. யார் தடவியது என்று கேட்டால், ராஜம் மறுபடி முந்தானையைத் தேடுகிறாள்.